கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்: ஒரு படம் பார்த்த வரலாறு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா பரண் மேலிருந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னாள். உள்ளே அப்பா வாங்கிச் சேர்த்த டிவிடிகள். முப்பது இருக்கும். எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள், எல்லாமே கடையில் பில் போட்டு வாங்கியவை. திருட்டு டிவிடி வாங்குவதை அப்பா ஒரு மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். பில்லையும் மடித்து உறைக்குள்ளேயே வைத்திருந்தார்.

வீட்டிலிருந்த டிவிடி பிளேயர் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. என் மடிக்கணினியில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. யூஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி வந்து மாட்டினேன். லினக்ஸ்தான், டெபியன். டிஸ்க் சுற்றியது, தலைப்புக்கூடத் தெரிந்தது. படத்தை ஓடவிட்டால் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக ஏதோ சிதறியது.

"டிஸ்க் போயிடுச்சாடா?"

"இல்லம்மா, பூட்டு போட்டிருக்காங்க. தொறக்குறதுக்கு ஒரு புரோகிராம் வேணும். அதை இங்கயே செஞ்சுக்கணும்."

"காசு குடுத்து வாங்குனதைப் பாக்கவும் பூட்டா? அதை நீ எதுக்குச் செய்யணும், வாங்க முடியாதா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இருபத்தைந்து வருட வரலாறு அதற்குள் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் 'செய்துகொள்வது' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மென்பொருளை மனிதர்கள் எழுதுவது படித்தால் புரிகிற எழுத்தில். அதுதான் மூலநிரல். கணினிக்கு அது புரியாது. அதனுடைய பிராசசருக்கு ஏற்ற கட்டளைகளாக அதை மாற்ற வேண்டும். அந்த வேலைதான் கம்பைல் செய்வது. நாம் வழக்கமாக இறக்கிக்கொள்வது எவரோ ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்ததை, அதாவது ரெடிமேட் சட்டையை. மூலநிரலை வாங்கி நாமே கம்பைல் செய்வது, துணியெடுத்துத் தையல்காரரிடம் அளவு கொடுப்பது மாதிரி. லினக்ஸில் இதற்கு மூன்று மந்திரங்கள் உண்டு. 'கான்ஃபிகர்' என்றால் அது நம் கணினியில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று துழாவிப் பார்க்கும். 'மேக்' என்றால் தைக்கும். 'மேக் இன்ஸ்டால்' என்றால் பீரோவில் மாட்டிவைக்கும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தது 2004-இல், கல்லூரி விடுதியில். பழைய பென்டியம் 3, 128 எம்பி நினைவகம். 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோடு வந்த சிடியில் நிறுவிய லினக்ஸ். எல்லாம் அழகாக வந்தது, படம் மட்டும் ஓடவில்லை. பாட்டும் கேட்காது. ஏனென்று கேட்டதற்கு மூத்த மாணவர் ஒருவர், "எம்பிளேயர் கம்பைல் பண்ணிக்கோ தம்பி, இல்லேன்னா விண்டோஸுக்குப் போயிடு" என்றார். பிரவுசிங் சென்டரில் மூலநிரலை இறக்கி, ஃப்ளாப்பிகளில் துண்டு போட்டு எடுத்துவந்து, அவற்றில் ஒன்று வழியிலேயே கெட்டுப்போய், மறுநாள் திரும்பப் போய்... அந்த வீரகதை போதும்.

எம்பிளேயரை ஆரம்பித்தவர் ஹங்கேரிக்காரரான ஆர்பாட் கெரொஃபி. ஆண்டு 2000. லினக்ஸில் கிடைத்த பிளேயர்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்திருக்கிறார். ஒன்றில் சில கோப்புகள் ஓடவில்லை, இன்னொன்றில் உதடு ஒரு பக்கம் அசைய, குரல் ஒரு பக்கம் போனது. எரிச்சலில் தானே ஒன்றை எழுத ஆரம்பித்தார். முதல் வடிவத்தின் பெயர் எம்பெக்12பிளே. அந்த ஆண்டு முடிவதற்குள் அது எம்பிளேயர் ஆகிவிட்டது. திட்டத்தின் இணைய முகவரி ஹங்கேரியின் நாட்டுக் குறியீட்டில்தான் முடியும். அந்தக் குழுவின் கையேடு படித்ததுண்டா? உலகத்திலேயே வாசகனைத் திட்டும் கையேடு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். படிக்காமல் கேள்வி கேட்பவனை மனிதனாகவே மதிக்காது. ஆனால் படித்தால் எல்லாமே அதற்குள் இருக்கும். ஆங்கிலக் கையேடு ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்தது அப்போதுதான். அதற்குப் பிறகும் அவ்வளவு ஆர்வமாக எதையும் படித்ததாக நினைவில்லை.

அந்தக் கையேட்டில் ஒரு விஷயம் உறுத்தியது. ஆரம்ப வருடங்களில், கம்பைல் செய்து முடித்த எம்பிளேயரை மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மூலநிரலை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தைத்த சட்டையைக் கொடுக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு இது என்ன கூத்து?

இரண்டு காரணங்கள். ஒன்று உரிமம். அதற்குள் ஓப்பன்டிவ்எக்ஸ் என்ற திட்டத்தின் நிரல்கள் கொஞ்சம் கலந்திருந்தன. அந்தத் திட்டத்தின் உரிமம் கம்பைல் செய்த வடிவத்தைப் பகிர அனுமதிக்கவில்லை. அந்தப் பகுதிகளை நீக்கி, மிச்சமிருந்த ஒரு கோப்புக்கும் அதை எழுதியவர்களிடமே ஜிபிஎல் உரிமம் வாங்கி, 2003-இல் 0.90 வெளிவந்தபோதுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது காரணம் வேகம், எனக்கு அதுதான் பிடித்தமானது. அந்தக் காலத்துப் பிராசசர்களுக்குப் படம் காட்டுவது பெரும் பாரம். அதற்காகவே இன்டெல் 1997-இல் எம்எம்எக்ஸ் என்று சில சிறப்புக் கட்டளைகளைக் கொண்டுவந்தது. ஏஎம்டி மறுவருடம் 3டிநவ் என்று பதிலுக்கு ஒன்றை இறக்கியது. 1999-இல் பென்டியம் 3-உடன் எஸ்எஸ்இ வந்தது. எம்பிளேயரின் கான்ஃபிகர் நம் பிராசசருக்கு இவற்றில் எதெல்லாம் தெரியும் என்று பார்த்து, அதற்கு மட்டும் பொருந்துகிற மாதிரி தைக்கும். அளவெடுத்த ஜாக்கெட். ஓடும்போது பிராசசரைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் வசதியும் பின்னால் வந்தது. ஆனால் அதனால் கொஞ்சம் வேகம் குறையும் என்று இயல்பாகவே அணைத்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் வேகத்தைக்கூட விட்டுக்கொடுக்காத பிடிவாதம்!

இது தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி என் கணினியில் 'மேக்' முடிந்ததும், பக்கத்து அறைக்காரனுக்கும் உதவலாமென்று அந்தக் கோப்பை அப்படியே அவனுடைய கணினிக்கு எடுத்துப்போனேன். அவனுடையது முதல் தலைமுறை ஏஎம்டி டியூரான், அதற்கு எஸ்எஸ்இ தெரியாது. ஓடவிட்டதும் 'சட்டவிரோதக் கட்டளை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டுச் செத்துவிட்டது. "என்னடா, போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்றான். பிராசசருக்குப் புரியாத கட்டளை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தச் சொல் அங்கே வந்து விழுந்தது எவ்வளவு பொருத்தம் என்று பிற்பாடு இந்த வரலாற்றைப் படிக்கும்போதுதான் உறைத்தது. சட்டத்தைச் சுற்றி வராமல் லினக்ஸில் அன்று படம் பார்ப்பதற்கு வழியே இல்லை.

டிவிடியிலிருந்து தொடங்க வேண்டும். வணிக டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்று ஒரு பூட்டு. 40 பிட் சாவி. பிளேயர் தயாரிப்பவர்கள் காசு கட்டி உரிமம் வாங்கினால் அவர்களுக்கு ஒரு சாவி தருவார்கள். லினக்ஸுக்கு யார் காசு கட்டுவது? 1999 அக்டோபரில் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையன், முகம் காட்டாத இன்னும் இருவரோடு சேர்ந்து டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரலை வெளியிட்டான். ஸிங் என்ற நிறுவனத்தின் பிளேயர் மென்பொருளில் சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துளை. லினக்ஸில் டிவிடி பார்ப்பதற்காகச் செய்தேன் என்றான். வேடிக்கை என்னவென்றால் அவன் வெளியிட்ட நிரல் ஓடியது விண்டோஸில். வழக்கின்போது இதைச் சொல்லிக் குடைந்தார்கள். டிவிடியின் கோப்பு முறையை லினக்ஸ் அப்போது சரியாகப் படிக்காது என்பது அவன் தரப்புப் பதில்.

2000 ஜனவரியில் அவன் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது. அமெரிக்காவில், அந்த நிரலைப் பிரசுரித்த '2600' என்ற ஹேக்கர் பத்திரிகை மேல் திரைப்பட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1998-இல் வந்த டிஎம்சிஏ சட்டப்படி, பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதே குற்றம். நிரலும் ஒரு மொழிதானே, எழுதியதைப் பிரசுரிப்பது பேச்சுரிமை ஆகாதா என்று பத்திரிகைத் தரப்பு வாதாடியது. பேச்சு என்பது சரி, ஆனால் அது வேலையும் செய்கிறதே என்றது நியூயார்க் நீதிமன்றம். 2000 ஆகஸ்டில் தீர்ப்பு பத்திரிகைக்கு எதிராகப் போனது. மறுவருடம் மேல்முறையீட்டிலும் அதே கதை.

பிறகு நடந்ததுதான் நம் பத்திரிகை வாசகர்களுக்கானது. எழுத்துக்கும் கருவிக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று நீதிமன்றத்தைச் சீண்ட ஒரு பெரிய கூட்டமே கிளம்பியது. டேவிட் டுரெட்ஸ்கி என்ற கணினிப் பேராசிரியர், அந்த நிரலை எத்தனை வடிவங்களில் எழுத முடியுமோ அத்தனையையும் ஒரு காட்சிக்கூடமாகச் சேர்த்தார். டி-ஷர்ட்டில் அச்சடித்தார்கள். பாட்டாகப் பாடினார்கள். செத் ஷோன் என்பவர் அந்தப் பூட்டைத் திறக்கும் முறை முழுவதையும் ஹைக்கூ வரிசையாக எழுதினார். ஹைக்கூவைப் படித்து, புரிந்துகொண்டு, உட்கார்ந்து நிரல் எழுதினால் டிவிடி திறக்கும். இப்போது சொல்லுங்கள், தடை செய்யவேண்டியது கவிதையையா? 2001-இல் ஃபில் கார்மடி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நிரலைச் சுருக்கி வைத்தால் வரும் மாபெரும் எண்ணாகவே ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். சட்டவிரோதமான எண்! நமக்கும் சித்தர் பாடல் மரபு இருக்கிறது. மருந்துச் செய்முறையைப் பாட்டுக்குள் பூட்டி வைத்தவர்கள் நாம். இவர்கள் செய்தது அதற்குத் தலைகீழ், பூட்டைத் திறக்கும் முறையைப் பாட்டாக்கினார்கள்.

யோஹான்சன் 2003 ஜனவரியில் ஓஸ்லோவில் விடுதலையானான். டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலைதான். காசு கொடுத்து வாங்கிய டிஸ்கைத் திறந்து பார்க்க வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அம்மா கேட்டதும் அதைத்தான்.

பூட்டு ஒரு பக்கம் என்றால் காப்புரிமை இன்னொரு பக்கம். எம்பி3 போன்ற முறைகள் மேல் பல நாடுகளில் காப்புரிமை இருந்தது. 2002-இல் ரெட்ஹாட் தன் 8.0 பதிப்பிலிருந்து எம்பி3 வசதியையே எடுத்துவிட்டது. நான் விடுதியில் நிறுவிய லினக்ஸில் பாட்டு கேட்காததன் காரணம் இதுதான். எம்பி3 உருவாக்கும் லேம் என்ற புகழ்பெற்ற நிரலை அதன் குழு மூலநிரலாக மட்டுமே வெளியிட்டுவந்தது. 'லேம் ஒன்றும் எம்பி3 உருவாக்கி அல்ல' என்பதுதான் அந்தப் பெயரின் விரிவே. மூலநிரல் என்பது ஒரு முறையின் விவரிப்பு, பாடப்புத்தகம் மாதிரி. அதைக் கம்பைல் செய்யும்போதுதான் கருவி ஆகிறது. விவரிப்பை நாங்கள் தருகிறோம், கருவியை நீங்கள் உங்கள் வீட்டில் செய்துகொள்ளுங்கள். இதுதான் ஏற்பாடு. வழக்கறிஞரிடம் கேட்டால் இழுத்துத்தான் பதில் சொல்வார், நியூயார்க் தீர்ப்போ நேராகவே வேறு மாதிரி சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு தலைமுறையின் மல்டிமீடியா இந்த நூலிழையில்தான் தொங்கியது. அந்தக் காலத்தில் லினக்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் கம்பைல் செய்துகொண்டிருந்தது ஏதோ வீராப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வீராப்பும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் படம் காட்டும் மென்பொருள் விஷயத்தில், கடைசித் தையலைப் பயனர் வீட்டுக்குத் தள்ளிவிட்டது பெரும்பாலும் சட்டம்தான்.

இதற்குள் அசிங்கமான சமரசங்களும் இருந்தன. ஒரே சிடியில் முழுப்படத்தை அடக்கிய அந்தக் காலத்து டிவ்எக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஒரு கோடெக்கை உடைத்துச் செய்யப்பட்டது. அதைத் திறக்க லினக்ஸில் ஆரம்பத்தில் எதுவும் கிடையாது. என்ன செய்தார்கள்? வைன் திட்டத்திலிருந்து எடுத்த நிரலைக் கொண்டு, விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளையே லினக்ஸுக்குள் ஏற்றி ஓடவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் வேண்டாமென்று ஓடிவந்த பிள்ளைகள் அவர்களுடைய கோப்பைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த கதை. அந்தக் கோப்புகள் தேவைப்படாமல் போனதற்குக் காரணம் எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் வேறொரு பெயரில் மறைந்துகொண்டு தொடங்கியது. ஒவ்வொரு கோடெக்காகப் பிரித்துப் பார்த்து, சொந்தமாக எழுதி எழுதி, இன்றைக்குப் படம் ஓடுகிற பெரும்பாலான இடங்களில் அடியில் இருக்கிறது. 2011-இல் அந்தக் குழு உடைந்து லிப்ஏவி என்று ஒரு கிளை போனதும், டெபியன் சில வருடம் அந்தப் பக்கம் சாய்ந்து 2015-இல் திரும்பி வந்ததும் தனிக் கட்டுரைக்கான பங்காளிச் சண்டை. இங்கே வேண்டாம்.

எனக்குத் தனிப்பட்ட ஒரு குறை இருந்தது. விடுதியில் ஓர் ஈரானியப் படத்துக்குத் தமிழில் வசன வரி போட ஆசைப்பட்டேன். இரண்டு இரவு உட்கார்ந்து யூனிகோடில் தட்டினேன். எம்பிளேயரில் ஓட்டினால் எழுத்தெல்லாம் கை கால் முறிந்து கிடந்தது. அது ஒரு குறியீட்டுக்கு ஓர் எழுத்துருவம் என்று வரிசையாக அடுக்கும், அவ்வளவுதான். 'கொ' என்றால் கொம்பு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஆங்கிலத்துக்கும் ஹங்கேரியனுக்கும் அது போதும். வலமிருந்து இடம் போகும் மொழிகளுக்குக்கூட ஃப்ரிபிடி என்ற நிரலைச் சேர்த்துக் கம்பைல் செய்ய வழி வைத்திருந்தார்கள். நமக்கு எந்தக் கொடியும் இல்லை. மூலநிரல் முழுவதும் கையில் இருந்தது, திருத்திக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'கட்டற்ற' என்ற சொல்லுக்குப் பின்னாலிருக்கும் கணக்கு அன்று எனக்குப் புரிந்தது. உரிமை கையில் இருக்கலாம், அதைப் பயன்படுத்தப் படிப்பு வேண்டும், நேரம் வேண்டும். அந்தக் கோப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

அது தீர்ந்த விதம் வேறு. எம்பிளேயருக்குள் வசன வரிகளுக்காக எழுதப்பட்ட லிப்ஆஸ் தனியாகப் பிரிந்து வளர்ந்தது. பிறகு அதில் ஹார்ஃப்பஸ் சேர்ந்தது. சிக்கலான எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அந்த நிரலை வளர்த்தெடுத்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத். பெயரே பாரசீகம்: ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஈரானியப் படத்துக்குத் தமிழ் வரி போட முடியாமல் தோற்றவனின் மொழியை ஓர் ஈரானியரின் கை சரிசெய்தது. இதில் அர்த்தம் தேடவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவே.

எம்பிளேயருக்கு என்ன ஆயிற்று? டெபியனின் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்குள் நுழையவே அதற்கு 2006 ஆகிவிட்டது. 1.0-க்கு முந்தைய சோதனைப் பதிப்புகள் 2003-இலிருந்து வந்துகொண்டே இருந்தன, 1.0 மட்டும் வரவே இல்லை. 2012-இல் திடீரென்று 1.1 வந்தது. அதற்குள் கிளை பிரிந்துவிட்டது, பிறகு கிளையிலிருந்து இன்னொரு கிளையாக எம்பிவி பிறந்தது. 2017-இல் எம்பி3 காப்புரிமைகளும் முடிந்து, உரிமத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். இன்று ஒரு சொடுக்கில் பிளேயர் இறங்குகிறது, எதையும் கேட்பதில்லை, எல்லாமே ஓடுகிறது. இளையவர்களிடம் கான்ஃபிகர் கதையைச் சொன்னால் நடந்தே பள்ளிக்கூடம் போன தாத்தாவைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். சரிதான், நானும் அந்த நாட்களுக்காக ஏங்கவில்லை.

ஆனால் அந்த ஒரு பூட்டு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ், விஎல்சி பிளேயரைத் தரும் பாரிஸ் குழுவின் நிரல். டெபியன் இன்றைக்கும் அதைத் தன் களஞ்சியத்தில் வைப்பதில்லை. பதிலாக லிப்டிவிடி-பிகேஜி என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் எந்த மென்பொருளும் இல்லை. அதன் வேலை, மூலநிரலை வெளியிலிருந்து இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து வைப்பது மட்டும்தான். சமையல்காரர் சமைத்துத் தரமாட்டார், நம் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போவார். 2004-இன் ஏற்பாடு அப்படியே உயிரோடு இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவு பூட்டை உடைப்பவனின் நோக்கம் என்ன என்று பார்க்கிறது, உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். அப்பாவின் பில் உறைக்குள் இருக்க, அம்மாவின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

இறக்கிக் கம்பைல் செய்யட்டுமா என்று திரை கேட்டது. சரி என்றேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மேலே ஏற ஆரம்பித்தன. இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இருக்கிறது. விடுதியில் அரை மணிக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த வரிகள் இப்போது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"என்னடா இது, சரசரன்னு ஓடுது?"

"தைக்குதும்மா."

அப்பாவின் டிஸ்கை மறுபடியும் போட்டேன். தணிக்கைச் சான்றிதழ் வந்தது, கோடு கோடாக, நடுங்கிக்கொண்டு. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சத்தத்தைக் கூட்டு. டைட்டில் மியூசிக் ஆரம்பிச்சுட்டா உங்க அப்பா ஒருத்தரையும் பேச விடமாட்டார்."